காலைல அஞ்சு மணி, ஈரப் பாய், நான் பேசுன பேச்சு

போன ஐப்பசில நடந்தது இது. எழுதணும் எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுனே இருந்தேன், ஏன்னா எழுதுனா என் புள்ளைய நான் என்னென்ன பேசுனேன்னு முழுசா எழுதணும், அதுக்கு கை வரல. போன வாரம் கடைல என் கூட பில் போடற பொண்ணு டீ குடிக்கும்போது சாதாரணமா சொல்றா, "அக்கா, என் பொண்ணுக்கு ஆறு வயசு ஆவுது, இன்னும் படுக்கைலயே ஒன்னுக்கு போறா, நேத்து கரண்டிய காய வெச்சு கிட்ட காட்னேன், இனிமே போனா இதான்னு". அவ கெட்டவ இல்ல, அந்த பொண்ணு மேல உசுரயே வெச்சிருக்கா. அவ சொல்லச் சொல்ல எனக்கு என் வீட்டு மாடிப்படிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே உக்காந்து எழுத ஆரம்பிச்சேன்.

நாங்க இருக்கறது கொருக்குப்பேட்டைல. நாலு போர்ஷன் வீடு, மாடில ஒரு போர்ஷன் எங்களுது, ஒரு ரூம் ஒரு கிச்சன். பாத்ரூம் கீழ, எல்லாருக்கும் பொது. வாசல்ல அடிபம்பு. எங்க தெருவுல மெட்ரோ தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலைல வரும், அஞ்சு மணிக்கு எழுந்து குடத்த எடுத்துனு போய் நின்னாதான் உண்டு, அடிச்சு அடிச்சு நிரப்பி மாடிக்கு தூக்கணும். வடசென்னைல வளந்தவங்களுக்கு இத சொல்லத் தேவையில்ல, தோள்பட்டைக்கே தெரியும். ஏன் தண்ணி கதை சொல்றேன்னா, ஒரு பெட்ஷீட் ஒரு பாய் ஒரு ஜட்டி துவைக்கணும்னா எங்க வீட்டுல அது மூணு பக்கெட் தண்ணி, மூணு தடவ மாடி ஏறி எறங்கணும், கொடில காயப் போட்டா நாலு வீட்டுக்கும் தெரியும்.

பெரியவனுக்கு 7 வயசு, ரெண்டாவது படிக்கறான். சின்னவளுக்கு 4. அவ மூணு வயசுலயே படுக்கைல போறத நிறுத்திட்டா. இவன் மட்டும் வாரத்துல நாலு நாள் அஞ்சு நாள் படுக்கைல போயிடுவான். மத்த மாசத்துல எப்பிடியோ சமாளிச்சிடுவேன். தீபாவளி மாசம்தான் உயிர் போவும். நான் வேல பாக்கறது எம்.சி. ரோடுல ஒரு துணிக்கடைல, சீசன்ல ஒரு மாசத்துக்கு லீவே கிடையாது, ராத்திரி கடைய மூடி கணக்க முடிச்சு வீடு வர பதினொண்ணு ஆயிடும். எங்க வூட்டுக்காரர் மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல ஷிஃப்ட் வேல, பாதி நாள் ராத்திரி அவர் இருக்க மாட்டார். அதே மாசத்துலதான் மழையும் பிடிக்கும். வெச்சிருந்ததோ பஞ்சு மெத்தை, ஒரு தடவ நனைஞ்சா நாலு நாள் காயாது, வீடு பூரா அந்த வாடை.

அன்னிக்கு தண்ணி வர்ற நாள், ராத்திரி நான் தூங்குனது பன்னெண்டரைக்கு மேல. நாலே முக்காலுக்கு எழுந்து கைய ஊனுனேன், சில்லுனு ஈரம். முந்தின நாள்தான் ஃபேன் போட்டு காய வெச்ச மெத்தை. அப்பிடியே அவன் கைய பிடிச்சு எழுப்பி, ஈர ஜட்டியோட படிக்கட்டுல எறக்கி கூட்டினு போனேன். கீழ பம்புகிட்ட பக்கத்து போர்ஷன் அக்கா, அவங்க ரெண்டு பசங்க, எதிர் வூட்டு ஆயா எல்லாரும் நிக்கறாங்க. எல்லார் முன்னாடியும் சொன்னேன், "ஏழு வயசு ஆவுது, வெக்கமா இல்லடா உனக்கு, உன் தங்கச்சி கூட போறதில்ல, ஸ்கூல்ல வந்து உங்க மிஸ்ஸாண்ட சொல்லட்டா, எல்லாரும் பாருங்க இவன!" அவன் ஒரு வார்த்த பேசல. ரெண்டு கையால முன்னாடி மறைச்சுனு பம்பு மேடையவே பாத்துனு நின்னான். அந்த பசங்க சிரிச்சாங்க. பக்கத்து போர்ஷன் அக்காதான் "வுடும்மா, புள்ளதான"ன்னு அவன் மேல துண்ட போட்டு உள்ள கூட்டினு போனாங்க. பெத்தவ நான் நின்னு தண்ணி அடிச்சுனு இருந்தேன்.

கடைக்கு கெளம்புனேன், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிட்டாங்க. கூட்ஸ் வண்டி. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அந்த கேட்ல ஒரு தடவ மாட்டுனா கால் மணியோ அதுக்கு மேலயோ. வண்டி போயினே இருக்கு, நான் மணிய பாக்கறேன், லேட்டா போனா அரை நாள் சம்பளம் போவும். அப்போ வயித்துக்குள்ள ஒரு மாதிரி எரிஞ்சுது, காலைல புள்ளைய இழுத்துனு எறங்கும்போது இருந்த அதே எரிச்சல், அச்சு அசல் அதேதான். அப்பதான் உறைச்சுது எனக்கு. கேட் மேலயும் அதே கோவம், மெத்தை மேலயும் அதே கோவம், முந்தின நாள் கஸ்டமர் முன்னாடி என்ன கத்துன சூப்பர்வைசர் மேலயும் அதே கோவம். கேட்டையும் சூப்பர்வைசரையும் நான் ஒண்ணும் பண்ண முடியாது. கைக்கு அடங்கனவன் ஒருத்தன்தான். அவன் மேல கொட்டிட்டேன்.

இத புரிஞ்சுனு உடனே திருந்திட்டேன்னு எழுதுனா பொய். அன்னிக்கு ராத்திரி ஒரு மிட்டாய் வாங்கினு போய் குடுத்தேன், அவ்ளோதான். அதுக்கப்புறம் நாலு நாள் படுக்கை நனையல. திட்டுனது வேல செஞ்சிடுச்சுன்னு கூட நெனச்சேன்.

அஞ்சாவது நாள் அவன் ஸ்கூல் பேக்ல லன்ச் பாக்ஸ் எடுக்க கைய வுட்டா வாடை. அடில கணக்கு நோட்டுக்கும் கீழ ஒரு ப்ளாஸ்டிக் கவர், எங்க கடை கவர்தான், முடிச்சு போட்டு சுத்தி வெச்சிருந்தான். அவுத்தா உள்ள மூணு ஜட்டி, ஈரத்தோட பூசணம் பூத்து. நடு ராத்திரில தானே எழுந்து மாத்தினு, கழட்டுனத பேக்ல மறைச்சு, நனைஞ்ச எடத்து மேல தலகாணிய போட்டு அதுமேல படுத்துனு இருந்திருக்கான். வாட்டர் பாட்டில பாத்தேன், காலைல ரொப்புனது அப்பிடியே இருந்துச்சு. "ஏண்டா தண்ணி குடிக்கல"ன்னா, "குடிச்சா வரும்ல"ங்கறான். நாலு நாளா ஸ்கூல்ல தண்ணியே குடிக்கல. ஏழு வயசு புள்ள, நம்ம ஊரு வேர்வைல.

அந்த கவர கைல வெச்சுனு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். என் பேச்சுனால படுக்கை நனையறது நிக்கல, அவன் என்கிட்ட சொல்றதுதான் நின்னு போச்சு.

மறுநாள் ஷிஃப்ட் முடிச்சு வந்த வூட்டுக்காரர கூட்டினு நாலு பேரும் அரசு ஆஸ்பத்திரிக்கு போனோம். அந்த டாக்டரம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கேன். முதல்ல அவன்கிட்டதான் பேசுனாங்க, "உன் கிளாஸ்ல இன்னும் ரெண்டு பேருக்காவது இது இருக்கும்டா, அவங்களும் உன்ன மாதிரியே சொல்லாம இருப்பாங்க"ன்னு. அவன் மூஞ்சி மாறுனத பாக்கணும் நீங்க. அப்புறம் எங்ககிட்ட கேள்வி மேல கேள்வி. பொறந்ததுலேர்ந்தே போறானா, இல்ல நடுவுல ஆறு மாசமாவது காய்ஞ்சு இருந்து திரும்ப ஆரம்பிச்சுதா? பகல்லயும் நனைக்கறானா? போகும்போது எரியுதா? ரொம்ப தாகம் எடுக்குதா, எளைக்கறானா? குறட்டை உண்டா? வெளிக்கி ஒழுங்கா போறானா? நடுவுல நின்னு திரும்ப ஆரம்பிச்சா மனசுல ஏதாவது பாதிப்பு, யூரின் இன்ஃபெக்‌ஷன், சுகர் எல்லாம் பாக்கணுமாம். ஒரு யூரின் டெஸ்ட் எடுத்தாங்க, நார்மல். வெளிக்கிதான் மூணு நாளைக்கு ஒரு தடவ, அது இறுகி உள்ள தங்குனா மூத்திரப் பைய அழுத்தும், அதுவே பாதி காரணமா இருக்கலாம்னாங்க. மல்லி பூக்கற செடிக்கு ஊத்தற அளவு தண்ணி கூட குடிக்காத புள்ளைக்கு வேற எப்பிடி இருக்கும்.

அவங்க சொன்னத எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ராத்திரில மூத்திரம் கம்மியா சுரக்கறதுக்கு ஒடம்புல வாசோப்ரெசின்னு ஒரு ஹார்மோன் இருக்கு, சில புள்ளைங்களுக்கு அது ராத்திரில போதுமான அளவு சுரக்க லேட்டாவும். சிலருக்கு பை சின்னதா இருக்கும். நெறைய பேருக்கு பை நெறைஞ்சது தூக்கத்துல மூளைக்கு எட்டாது. இதுல எதுவுமே புள்ள வேணும்னு செய்யறது கிடையாது, தூங்கறவன் எப்பிடி வேணும்னு செய்வான்? 5 வயசுல 100 புள்ளைங்கள எடுத்தா சுமார் 15 பேருக்கு இது இருக்கும், 7 வயசுலயும் 5லேர்ந்து 10 பேருக்கு இருக்கும், வருஷா வருஷம் அதுல 15 சதவீதம் பேருக்கு தானாவே நின்னுடும். ஆம்பள புள்ளைங்களுக்கு கொஞ்சம் அதிகம். திட்டறது, அடிக்கறது, அவமானப்படுத்தறது இதுல எதுவும் ஒரு நாள் முன்னாடி கூட நிறுத்தாதுன்னு தெளிவா சொன்னாங்க.

அப்புறம் கேட்டாங்க, "உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது சின்ன வயசுல இருந்துச்சா? அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தாலே புள்ளைக்கு வர நாப்பது சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருக்கு, ரெண்டு பேருக்கும் இருந்தா எழுபதுக்கு மேல". நான் எனக்கு இல்லன்னேன். அவர் சீலிங் ஃபேனையே பாத்துனு இருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா "எனக்கு பத்து வயசு வரைக்கும் இருந்துச்சு மேடம்"னார்.

கல்யாணம் ஆயி பத்து வருஷம் ஆவுது, எனக்குத் தெரியாது. என் மாமியார் கூட ஒரு வார்த்த சொன்னதில்ல.

வீட்டுக்கு வந்து பசங்க தூங்குனதுக்கு அப்புறம் சொன்னார். அப்போ அவங்க இருந்தது காசிமேடு பக்கம். நனைச்ச அன்னிக்கெல்லாம் அவங்க அப்பா அந்த பாய சுருட்டி தலைல வெச்சு தெரு முனை வரைக்கும் நடந்து திரும்பி வரச் சொல்லுவாராம். பாய்லேர்ந்து ஒழுகி கழுத்து வழியா முதுகுல எறங்குமாம். மீன் ஏலத்துக்கு போறவங்க, பால் வாங்க வர்றவங்க எல்லாம் பாப்பாங்களாம். இப்போ அவருக்கு 38 வயசு. "இன்னிக்கும் அந்த தெருவுல பைக்ல போவும்போது வேகமா ஓட்டிடுவேன்"னார். என் மூஞ்சிய பாக்காமதான் சொன்னார், பம்புகிட்ட நான் பண்ணுனது அவருக்கு பக்கத்து போர்ஷன் அக்கா மூலமா ஏற்கனவே தெரியும், தெரிஞ்சும் என்ன ஒண்ணும் கேக்காம இருந்தாராம், கேட்டா தன் கதைய சொல்ல வேண்டி வருமேன்னு. அப்பாவுக்கும் பத்து வயசுல வாய் அடைஞ்சுது, புள்ளைக்கும் ஏழு வயசுல வாய் அடைஞ்சுது.

2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவு, பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள அடிக்கவும் கூடாது மனசளவுல துன்புறுத்தவும் கூடாதுன்னு சொல்லுது. அத வெச்சுனுதான் நாம டீச்சர போய் கேக்கறோம், கேக்கணும். வீட்டு மாடிப்படில நான் பேசுனத யார் வந்து கேப்பாங்க? நானேதான் கேட்டுக்கணும்.

கத்தறத நிறுத்தணும்னு முடிவு பண்ணுனதும் நான் செஞ்ச அடுத்த தப்பு இது. வாய மூடிக்கிட்டேன், ஆனா மூஞ்சிய கல்லு மாதிரி வெச்சுனு பெட்ஷீட்ட வெடுக்குனு இழுக்கறது, பக்கெட்ட டொம்முனு வெக்கறது. ரெண்டு நாள் பாத்துட்டு அவன் கேட்டான், "மா, திட்டிடேன். மூஞ்சிய அப்பிடி வெச்சுக்காத". எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1970கள்ல ஒரு சோதனை செஞ்சிருக்கார், கைக்குழந்தை முன்னாடி அம்மா ரெண்டு மூணு நிமிஷம் எந்த உணர்ச்சியும் இல்லாம மூஞ்சிய வெச்சுனு உக்காரணும். குழந்தை சிரிச்சு பாக்கும், கைய நீட்டி பாக்கும், கத்தி பாக்கும், ஒண்ணும் நடக்கலன்னா மூஞ்சிய திருப்பிக்கும். வெறும் ரெண்டு மூணு நிமிஷம். நான் ரெண்டு நாள் வெச்சிருந்தேன். பேசாம இருக்கறதும் பேச்சுதான், அதுவும் புள்ளைய அதேதான் சொல்லுது, நீ சரியில்லன்னு.

அப்புறம்தான் என் கோவத்தயே உக்காந்து பாத்தேன். எனக்கு கோவம் வாய்ல வர்றதுக்கு முன்னாடி தாடைல வரும், பல்லு கடிச்சுக்கும், காது மடல் சுடும். இத நான் கவனிச்சதே இல்ல. தாடை இறுகுச்சுனா வாயத் திறக்கறதில்லன்னு எனக்கு நானே ஒரு கட்டு போட்டுக்கிட்டேன். துணிய சுருட்டினு நேரா கீழ எறங்கிடுவேன், பம்ப அடிப்பேன். ரெண்டு குடம் ரொம்பறதுக்குள்ள தாடை எறங்கிடும். அப்புறம் மேல வந்துதான் பேச்சு. முன்னாடியே "மூஞ்சி கழுவினு வரேன் இரு"ன்னு அவன்கிட்ட சொல்லிட்டு போறேன், இல்லனா விட்டுட்டு போறேன்னு நெனச்சுக்கறான். முடியாத நாளும் இருக்கு. அந்த மாதிரி நாள்ல அவர் வீட்டுல இருந்தா "இன்னிக்கு என்னால ஆவாது, நீ பாரு"ன்னு சொல்லிட்டு திரும்பி படுத்துக்கறேன், அதுல எனக்கு எந்த குத்த உணர்ச்சியும் இல்ல, தூக்கம் இல்லாத ஒடம்பு பேசற பேச்ச விட அது எவ்ளோவோ மேல்.

பேச்சுலயும் சில வார்த்தைய தூக்கி எறிஞ்சுட்டேன். "மறுபடியுமா", "இன்னும்", "இந்த வயசுல", "உன் தங்கச்சி கூட". இந்த நாலும்தான் அவன குத்துச்சு, மத்த திட்டெல்லாம் கூட அவனுக்கு ஞாபகம் இல்ல. இப்போ "நனைஞ்சிடுச்சா, சரி எழுந்துரு, ஜட்டி மாத்திக்கோ, ஷீட்ட பக்கெட்ல போடு", இதான் மொத்த பேச்சே. பக்கெட்ல போடறது தண்டனை இல்ல, அவன் செய்யற வேல, தட்ட கழுவி வெக்கற மாதிரி. டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க, காலண்டர்ல ஸ்டார் ஒட்டறதுனா நனையாத நாளுக்கு ஒட்டாதீங்க, அது அவன் கைல இல்ல, படுக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் போனானா, பகல்ல தண்ணி குடிச்சானா, அதுக்கு ஒட்டுங்கன்னு. நான் இத யோசிச்சதே இல்ல. கைல இல்லாத விஷயத்துக்கு பரிசு வெச்சா, கெடைக்காத அன்னிக்கு அதுவும் அவமானம்தான்.

கை வேலைய கம்மி பண்ணுனதுல கோவம் பாதி கொறைஞ்சுதுன்னு உண்மையா சொல்றேன். பஞ்சு மெத்தைய தூக்கிட்டு அவனுக்கு ப்ளாஸ்டிக் பாய் போட்டோம், தண்ணிய ஊத்தி தொடைச்சா முடிஞ்சுது. மெடிக்கல் ஷாப்ல ரப்பர் ஷீட் ரெண்டு வாங்குனோம். பாய் மேல ஒரு ரப்பர் ஷீட், அதுமேல பெட்ஷீட், அதுக்கு மேல இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு பெட்ஷீட். ராத்திரி ரெண்டு மணிக்கு நனைஞ்சா மேல இருக்கற ரெண்டையும் உருவிட்டா கீழ காய்ஞ்ச படுக்கை ரெடியா இருக்கும், லைட்ட கூட போட வேணாம். தண்ணி காலைலயும் மத்தியானமும் நல்லா குடிக்கறான், படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் கொறைக்கறோம், சாயங்காலம் டீ குடுக்கறத நிறுத்திட்டோம். பப்பாளி, கீரை, வெளிக்கி இப்போ தினமும். நனைஞ்சா சத்தம் போட்டு எழுப்பற அலாரம் மெஷின், மாத்திரை எல்லாம் இருக்காம், இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டு தேவைப்பட்டா சொல்றேன்னு இருக்காங்க, நானா கடைல கேட்டு எதுவும் வாங்கல.

மன்னிப்பு கேட்டது பத்தி சொல்லணும். எங்க வீட்டுலலாம் பெரியவங்க புள்ளைங்ககிட்ட சாரி கேட்டு நான் பாத்ததே இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை அவனுக்கு தலை தொவட்டினு இருக்கும்போது சொன்னேன், "அன்னிக்கு பம்புகிட்ட எல்லார் முன்னாடியும் அம்மா பேசுனது தப்புடா கண்ணு, நீ ஒண்ணும் தப்பு பண்ணல, அம்மாதான் பண்ணுனேன்". துண்டுக்குள்ளேர்ந்து கேட்டான், "அப்போ அந்த அண்ணனுங்ககிட்டயும் சொல்வியா? அவங்க என்ன மோட்டார் மோட்டார்னு கூப்பிடறாங்க". எனக்குத் தெரியவே தெரியாது. என்கிட்ட மன்னிப்பு கெடைச்சு அவன் என்ன பண்ணுவான், எல்லார் முன்னாடியும் போனது எல்லார் முன்னாடியும்தான வரணும். அடுத்த தண்ணி நாள் அதே பம்புகிட்ட, அதே அக்கா அந்த பசங்க எல்லாம் இருக்கும்போது சொன்னேன், "அன்னிக்கு நான் இவன பேசுனது தப்பு, இது ஒடம்பு விஷயம், டாக்டர்கிட்ட காட்டியாச்சு, யாரும் அத வெச்சு கூப்பிடாதீங்கப்பா". எதிர் வூட்டு ஆயா "எம்புள்ளைக்கு பன்னெண்டு வயசு வரைக்கும் இருந்துச்சும்மா"ன்னாங்க. பக்கத்து போர்ஷன் அக்கா ஒண்ணும் சொல்லாம அவங்க குடத்த தள்ளி வெச்சு என் குடத்த முதல்ல வெச்சாங்க. மோட்டார் உடனே நிக்கல, ஒரு மாசம் ஆச்சு.

மாமியார் இன்னும் வந்தா "இன்னாடா, இன்னிக்கு காய்ஞ்சிச்சா"ன்னு கேக்கறாங்க. அவங்க பாசமாதான் கேக்கறாங்க. முன்னாடி நான்தான் பதில் சொல்லுவேன், இப்போ அவர் சொல்றார், "ம்மா, அத கேக்காத". அவங்க அம்மாகிட்ட அவர் அவ்ளோ நேரா பேசி நான் பாத்ததில்ல. ஒரு நாள் ராத்திரி அவன் பக்கத்துல படுத்துனு தனக்கும் இருந்தத சொல்லியிருக்கார், பாய் கதைய சொல்லல, இருந்துச்சுன்னு மட்டும். "நைனாவுக்கு எப்போ நின்னுச்சு?"ன்னு கேட்டானாம். "பத்து வயசுல." விரல வெச்சு எண்ணி பாத்துட்டு "அப்போ எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு"ன்னு திரும்பி படுத்து தூங்கிட்டானாம்.

இன்னும் நிக்கல. வாரத்துக்கு ரெண்டு நாள், சில வாரம் மூணு. மே மாச லீவுக்கு எண்ணூர்ல அவங்க அத்தை வூட்டுல நாலு நாள் தங்கணும்னு அவனே கேட்டான், இதுவரைக்கும் வெளி வூட்டுல தூங்கவே மாட்டேன்னு அழுதவன். கெளம்ப இன்னும் ஒரு வாரம் இருக்கு. நேத்து அவன் பேக தொறந்து பாத்தேன், பேண்ட் சட்டை எதுவும் வெக்கல, ரப்பர் ஷீட்ட நாலா மடிச்சு அடில வெச்சிருக்கான், அதுமேல ஆறு ஜட்டி, ஒரு காலி கவர். கவர் முடிச்சு போடாம தொறந்தே இருந்துச்சு.